ஓட்டை அவர்களுடையது, பில் உங்களுக்கா?

கேள்வி: போன வருடம் வீட்டுக்கு நான்கு கேமராவும் அவற்றின் காட்சிகளைப் பதிவு செய்யும் ஒரு என்விஆர் பெட்டியும் வாங்கினோம். பில் இருக்கிறது. இப்போது விற்றவர் போன் செய்து, "உள்ளே கேப்'ன் புரோட்டோ என்று ஒரு லைப்ரரி, அதில் மெமரி ஓட்டை, புது சாப்ட்வேர் ஏற்ற 4,500 ரூபாய்" என்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, அல்சூர்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. ஓட்டை என்னவோ நிஜம்தான். ஒரு சாப்ட்வேர் இன்னொன்றுக்கு அனுப்பும் தகவலைப் பைட்டுகளாக அடுக்குவதும், மறுமுனையில் பிரித்துப் படிப்பதும் இந்த லைப்ரரியின் வேலை. பட்டியலுக்குள் பட்டியலாக வரும் தகவலை யாராவது வேண்டுமென்றே கோணலாகக் கட்டி அனுப்பினால், அது எல்லை தாண்டி மெமரியைப் படித்துவிடக்கூடும். பெட்டி நின்றுபோகலாம், மெமரியில் கிடக்கும் வேறு விஷயம் கசியவும் கூடும்.

ஆனால் இது 2022 நவம்பரில் வெளியான சங்கதி. சி++ என்ற கணினி மொழியில் இதைப் பயன்படுத்துவோருக்கு 0.10.3 முதலிய திருத்தப் பதிப்புகள் அப்போதே இலவசமாக வந்துவிட்டன. அப்படியானால் போன வருடம் உங்களுக்கு விற்கும்போதே பெட்டி ஓட்டையோடுதான் வந்திருக்கிறது! லைப்ரரியை மட்டும் மாற்றினால் போதாது, அதை வைத்துக் கட்டிய சாப்ட்வேரையே மறுபடி கம்பைல் செய்ய, அதாவது மூல நிரலிலிருந்து புதிதாக உருவாக்க, வேண்டும். அது தயாரிப்பாளர் பாடு. பென்டிரைவ் செருகுவதற்கா 4,500?

விற்றவருக்கும் தயாரிப்பாளருக்கும் ஈமெயில் போட்டு, உள்ளே எந்தப் பதிப்பு என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அதுவரை வெளியிலிருந்து போனில் கேமரா பார்க்கும் வசதியை அணைத்து வையுங்கள்.

கேள்வி: பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பாதி விலைக்கு ரவுட்டர் வாங்கினேன். பில் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அப்டேட்டே வருவதில்லை. யாரிடம் புகார் செய்வது?
- விவேக்நகர் வாசகர்

பதில்: கண்ணாடியிடம். பில் தராமல் விடுவதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான், ஆனால் பில்லே இல்லாமல் அவரிடம் வாங்கியதை எப்படிக் காட்டுவீர்கள்?

கேள்வி: புது ரவுட்டர் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
- ராமமூர்த்தி நகர்

பதில்: அட்டைப்பெட்டியில் இல்லாததை. வேகம், ஆன்டெனா, விருது எல்லாம் அச்சடிப்பார்கள். பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதிவரை என்ற ஒரு வரி மட்டும் இருக்காது. ஐந்து ரூபாய் பிஸ்கட்டுக்குக்கூடத் தேதி போடும் நாட்டில், ஐயாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு ஏன் இல்லை என்று நானும் கேட்டு ஓய்ந்துவிட்டேன். என் அலமாரியில் அப்படி ஒன்று தூங்குகிறது. வாங்கிய மறு வருடமே தயாரித்தவர்கள் அந்த மாடலைக் கைகழுவிவிட்டார்கள். பச்சை விளக்கு மட்டும் ஜோராக எரியும்.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் வீட்டுச் சாதனங்களுக்குக் குறைந்தது எவ்வளவு காலம் அப்டேட் உண்டு என்று தயாரிப்பாளர் சொல்லியே ஆக வேண்டும். ஆகவே அந்த நிறுவனத்தின் பிரிட்டன் தளத்தில் உங்கள் மாடலைத் தேடுங்கள். அங்கே தேதி சொல்லியிருந்தால், அதைக் காட்டி இங்கே கேளுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் வேறு பிராண்ட்.

கேள்வி: லேப்டாப்பில் ஆன்டிவைரஸ் இருந்தால் கேமராவுக்கும் பாதுகாப்புதானே?
- ஒயிட்ஃபீல்ட்

பதில்: இல்லை.