மறு: தனிமைப்படுத்தி அனுப்பிய வீரர்களுக்கு வைரஸ் எங்கிருந்து வந்தது?

வணக்கம். 'புறப்படும் முன் தனிமைப்படுத்தி, சோதித்து அனுப்பிய விண்வெளி வீரர்களின் எச்சிலில் வைரஸ் எப்படி வந்தது என்று வகுப்பில் கேட்டார்கள், பதில் தெரியவில்லை' என்று எழுதியிருந்தீர்கள். நல்ல கேள்விதான் அது.

வைரஸ் வெளியிலிருந்து வரவில்லை, அவர்கள் உடம்போடுதான் போயிருக்கிறது. அப்பல்லோ 14 நிலவுப் பயணம் முதல் இருக்கும் அந்தத் தனிமைப்படுத்தல் புதிய தொற்றைத்தான் தடுக்கும். சின்ன வயதில் சின்னம்மை வந்தவருக்குக் கொப்புளம் ஆறிவிடும். ஆனால் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பல வருடம் தூங்கிக் கிடக்கும். அது எழாமல் காவல் காப்பதில் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களுக்குப் பெரிய பங்கு. விண்வெளியில் தூக்கம் கெட்டு, கார்டிசால் போன்ற மன அழுத்த ஹார்மோன்கள் ஏறும்போது அந்தக் காவல் தளர்கிறது. ஷட்டில் விண்கலத்தில் போனவர்களில் 89 பேருக்கு 47 பேரிடமும், சர்வதேச விண்வெளி நிலையத்தில் 23 பேருக்கு 14 பேரிடமும் சின்னம்மை வைரஸும் அடங்கிய ஹெர்பிஸ் குடும்ப வைரஸ்கள் வெளிப்பட்டன. பெரும்பாலானோருக்கு அறிகுறியே இல்லை. இதைக் கட்டாயம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எல்லோரும் நோயில் விழுந்ததாக நினைத்துவிடுவார்கள்.

அப்புறம், மன அழுத்தம் மட்டுமே காரணம் என்று முடித்துவிடாதீர்கள். 1983இல் ஷட்டிலில் கொண்டுபோன ஸ்பேஸ்லேப் ஆய்வுக்கூடத்தில் மனித லிம்போசைட்டுகளை (டி செல்கள் அடங்கிய வெள்ளணு வகை) குப்பியில் வைத்துத் தூண்டிப் பார்த்தார்கள். தரையில் வளர்த்தவற்றோடு ஒப்பிட்டால் அவற்றின் செயல்பாடு 3 சதவீதத்துக்கும் குறைவு. குப்பிக்குள் கார்டிசால் ஏறவில்லையே! அப்படியானால் எடையின்மையே செல்களைப் பாதித்திருக்கலாம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை இதுதான். உங்கள் பதிலை இதிலிருந்தே தொடங்கலாம்.