காசுப் பை எடை குறைந்தால் கைக்காசைப் போடாதீர்கள்

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று ராத்திரி படித்தேன். லண்டனுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது, படிப்புக்கு நடுவே ஒரு மளிகைக் கடையில் வேலை, முதலாளி சனிக்கிழமை தோறும் சில்லறையைப் பையில் கட்டி பேங்கில் போட்டுவரச் சொல்கிறார், போன வாரம் கவுண்டரில் ஒரு பையை எடை போட்டுவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார்கள், நீங்கள் பயந்துபோய் சட்டைப் பையில் இருந்த ஒரு பவுண்டை அதில் போட்டுச் சரிக்கட்டிவிட்டு யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டீர்கள். அடுத்த முறை இப்படி ஆனால் என்ன செய்வது, சம்பளத்தில் பிடிப்பார்களா, திருடினதாக நினைப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லல்காரர் என்று எழுதியிருந்தீர்கள், நான் கண்டனூர், இரண்டும் காரைக்குடிப் பக்கம்தான். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்காக ஊருக்கு வந்திருக்கிறேன், பட்டாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், நேரம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பையைத் திருப்பித் தந்தார்கள் என்றால் உங்களைச் சந்தேகப்பட்டார்கள் என்று அர்த்தமே இல்லை. அந்தக் கவுண்டரில் இருப்பவருக்கு ஒரு நாளைக்கு இப்படிப் பத்துப் பை வரும். அவர் காசை எண்ணுவதில்லை, தராசில் வைக்கிறார், முள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காவிட்டால் தள்ளிவிடுகிறார், அவ்வளவுதான்.

அந்தத் தராசு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். பேங்கில் இனாமாகத் தரும் பிளாஸ்டிக் பையிலேயே எந்தக் காசு எவ்வளவு என்று அச்சடித்திருக்கும். ஒரு பவுண்ட் காசும் இரண்டு பவுண்ட் காசும் தனித்தனியாக 20 பவுண்டுக்கு ஒரு பை. நூறு பென்ஸ் ஒரு பவுண்ட். 50 பென்ஸ், 20 பென்ஸ் என்றால் 10 பவுண்ட், 10 பென்ஸும் 5 பென்ஸும் 5 பவுண்ட், செம்பு நிறக் காசு இரண்டும், அதாவது ஒரு பென்னியும் இரண்டு பென்ஸும், 1 பவுண்ட். எடை நான் மனப்பாடமாகச் சொல்வேன், இருபது வருஷப் பழக்கம். ஒரு பவுண்ட் காசு ஒன்று 8.75 கிராம், இருபது காசு 175 கிராம். இரண்டு பவுண்ட் காசுப் பை 120. ஐம்பது பென்ஸ் 160, இருபது பென்ஸ் 250. பத்து பென்ஸ் பையும் ஐந்து பென்ஸ் பையும் ஒன்றுபோல 325. செம்புக் காசில் ஒரு பென்னி பையும் இரண்டு பென்ஸ் பையும் ஒன்றுபோல 356. நான் 2003-ல் லண்டன் வந்தபோது ஒரு பவுண்ட் வட்டக் காசு, 9.5 கிராம், பை 190 நிற்கும். 2017 மார்ச்சில் பன்னிரண்டு பக்கக் காசு வந்தது, அதே வருஷம் அக்டோபர் 15-க்குப் பிறகு வட்டக் காசு கடையில் செல்லாது. இன்றைக்கும் எங்காவது பாட்டிலில் கிடந்த வட்டக் காசு கல்லாவுக்குள் வந்து சேரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 325, 356 இரண்டையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஐந்து பென்ஸ் 3.25 கிராம், பத்து பென்ஸ் 6.5, சரியாக இரட்டிப்பு. ஒரு பென்னி 3.56, இரண்டு பென்ஸ் 7.12, அதுவும் இரட்டிப்பு. அதாவது பத்து பென்ஸ் பையில் தவறுதலாக இரண்டு ஐந்து பென்ஸ் கலந்து, அதற்கு ஈடாக ஒரு பத்து பென்ஸ் குறைந்தாலும் எடையும் சரியாக இருக்கும், மதிப்பும் சரியாக இருக்கும். எனக்கு இது தெரியவந்த அன்றைக்கு மனசுக்கு அவ்வளவு நன்றாக இருந்தது, யாரோ ஒருத்தர் உட்கார்ந்து நமக்காக யோசித்திருக்கிறார் என்று. ஆனால் இதை நம்பிக் கலந்து கட்டாதீர்கள், கலந்த பையை வாங்கமாட்டார்கள். மற்ற காசுகளுக்கு இந்தப் பொருத்தமும் கிடையாது.

உங்களுடையது ஒரு பவுண்ட் காசுப் பை என்றால் அதில் என்ன ஆகியிருக்கும்? என் அனுபவத்தில் முதல் சந்தேகம் ஒரு யூரோ காசு மேல்தான். அகலம் கிட்டத்தட்ட பவுண்ட் அளவுதான், இரண்டும் இரட்டை நிறம், அவசரத்தில் வாங்கிப் போட்டுவிடுவோம். அது 7.5 கிராம். ஒன்று கலந்தால் பை 173.75 காட்டும். காசே ஒன்று குறைந்திருந்தால் 166.25 காட்டும். பார்த்தீர்களா, எத்தனை கிராம் குறைகிறது என்பதே என்ன தப்பு என்று சொல்லிவிடும். நீங்கள் எத்தனை கிராம் என்று கேட்காமலே ஒரு பவுண்டைப் போட்டேன் என்கிறீர்கள். அடுத்த தடவை கேளுங்கள், சொல்வார்கள். அதைவிட நல்லது, கடையில் ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசு ஒன்று வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வெறும் பையை வைத்து முதலில் பூஜ்யம் ஆக்கிவிட்டு, அப்புறம் காசு. எண்ணெய் பட்டுப் பிசுபிசுக்கும் காசைத் துடைத்துப் போடுங்கள், மீன் பக்கம் இருந்து வரும் காசு எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எண்ணும்போது இரண்டு ஒன்றாகப் போய்விடும்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். கைக்காசைப் போட்டீர்களே, அதுதான் தப்பு. பணம் குறைந்தது தப்பே இல்லை.

நானும் முதல் வருஷம் இதையே செய்தேன். ராத்திரி கல்லா கட்டும்போது நாற்பது பென்ஸ் குறையும், போட்டுவிடுவேன். எண்பது குறையும், அதையும் போட்டுவிடுவேன். ஒரு நாள் ஒன்றரைப் பவுண்ட் கூடியது. இத்தனை நாள் நம் காசு போயிருக்கிறதே என்று அதை எடுத்துக்கொண்டேன். அது கேமராவில் இருந்தது. கடைக்காரர் மறுநாள் கேட்டபோது என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. போட்டதற்கு எழுத்து இல்லை, எடுத்ததற்குப் படம் இருக்கிறது. அவர் நல்ல மனுஷர், வேலையை விட்டு எடுக்கவில்லை, ஆனால் அந்தப் பார்வை மாற ஒரு வருஷம் ஆனது. இன்றைக்கு என் சொந்தக் கடையில் பிள்ளைகளைச் சேர்க்கும்போது முதல் நாள் முதல் பேச்சாக நான் சொல்வது இதுதான்.

எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பினாங்கில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர். பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து சாயங்காலம் எண்ணிக் குறிப்போடு ஒத்துப் பார்ப்பதுதான் அந்த வயசில் வேலை, அதில் தேறினால்தான் அடுத்தாள், அப்புறம் மேலாள் என்று பதவி ஏறும். கூடினாலும் எழுது, குறைந்தாலும் எழுது, பெட்டியைச் சரிக்கட்டாதே என்பார். சின்ன வயசில் அது எனக்கு விளங்கவில்லை. கூடினால் நல்லதுதானே என்று நினைத்தேன். கூடிய காசு யாரோ ஒரு ஆளுக்குக் குறைத்துக் கொடுத்த மிச்சம் என்று கடையில் நின்றபிறகுதான் புரிந்தது.

அதனால் ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். தேதி, எத்தனை பை, எந்தப் பையில் எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது, பேங்க் எடுத்துக்கொண்டது எவ்வளவு. பைக்குப் பை சின்னதாக ஒரு நம்பர் எழுதிவிட்டால் எந்தப் பை திரும்பி வந்தது என்று தேட வேண்டாம். திரும்பி வந்த பையை அங்கேயே பிரித்து நிரப்பாமல் அப்படியே கடைக்குக் கொண்டுபோய் முதலாளி முன்னால் எண்ணுங்கள். கவுண்டரில் நிற்காமல் பேங்கில் பையை விட்டுவிட்டு வரும் முறை என்றால், பின்னால் பேங்க்காரர்கள் எண்ணுவதுதான் கணக்கு, நாற்பது ஐம்பது பென்ஸ் கூட்டியோ குறைத்தோ கணக்கில் திருத்தம் வரும். அதற்கெல்லாம் சண்டைக்குப் போகாதீர்கள், நோட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆனால் நாலு வாரம் தொடர்ந்து ஒரே பக்கமாகக் குறைந்தால் அது எண்ணிக்கைத் தப்பு இல்லை, அதை முதலாளி பார்க்க வேண்டும்.

சம்பளத்தில் பிடிப்பது பற்றி. பிரிட்டனில் 1996-ஆம் ஆண்டு வேலை உரிமைச் சட்டம் இருக்கிறது. கடையில் வேலை செய்பவரிடம் கல்லா குறைந்தது என்று பிடிக்க வேண்டுமென்றால் அது முன்கூட்டியே எழுத்தில் ஒத்துக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும், அப்படி இருந்தாலும் ஒரு தடவை பிடிப்பது அந்தத் தடவை வரும் மொத்தச் சம்பளத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. வேலையை விடும்போது கடைசிச் சம்பளத்துக்கு மட்டும் அந்த வரம்பு இல்லை. உங்கள் ஒப்பந்தத் தாளை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒரு பவுண்டுக்கு யாரும் இவ்வளவு தூரம் போகமாட்டார்கள், ஆனாலும் தெரிந்திருக்கட்டும்.

ரூமில் பாட்டிலில் சேர்க்கும் சில்லறையையும் கேட்டிருந்தீர்கள். சூப்பர்மார்க்கெட்டில் இருக்கும் சில்லறை எண்ணும் மெஷின் நூற்றுக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்ளும், அவசரம் இல்லையென்றால் வேண்டாம். பை பையாகக் கட்டி உங்கள் பேங்கிலேயே போடுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை பைதான் என்று சில கிளைகளில் வரம்பு உண்டு, கேட்டுக்கொண்டு போங்கள். கடையில் கொண்டுபோய்க் கொட்டலாம் என்று நினைக்காதீர்கள், ஒரு பென்னியும் இரண்டு பென்ஸும் 20 பென்ஸுக்கு மேல் வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

முந்தாநாள் நானே இங்கே காரைக்குடியில் பேங்குக்குப் போனேன், சாமி அறை உண்டியலைத் திறந்து எண்ணியதில் சில்லறை நிறைய இருந்தது. நூறு நூறாகப் பாக்கெட் போட்டு எடுத்துப் போனேன், இங்கே அதுதான் கேஷியருக்குச் சௌகரியம். கேஷியர் அம்மா ஒரு ரூபாய் பாக்கெட் ஒன்றை மேஜையில் கொட்டி விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார், நூறு இருந்தது, ஆனால் அதில் இரண்டு காசு மட்டும் இரண்டு ரூபாய்க் காசு. பழைய ஒரு ரூபாயும் 2011-ல் வந்த இரண்டு ரூபாயும் ஒரே அகலம், எடையும் ஒன்று, வீட்டில் காசைப் பிரித்த ஆயாவுக்கு, என் பாட்டிக்கு, கண் மங்கல், தடவிப் பார்த்துத்தான் பிரித்தார்கள். அந்த இரண்டையும் அம்மா தனியே எடுத்து வைத்தார், நான் வேறு இரண்டு ஒரு ரூபாய் கொடுத்தேன், சலானில் எழுதியது எழுதியபடி நின்றது, சீல் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இந்தச் சனிக்கிழமை பேங்குக்குப் போவதற்கு முன்னால் முதலாளியிடம் அந்த ஒரு பவுண்டைப் பற்றிச் சொல்லிவிடுங்கள், பத்து நாள் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். நான் 14-ஆம் தேதி லண்டன் திரும்புகிறேன். பை எத்தனை கிராம் காட்டியது என்று எழுதுங்கள், யூரோவா இல்லையா என்று பார்த்துவிடலாம்.