சைக்கிளா, வழிகாட்டியோடு வாகனமா? யாழ்ப்பாணத் தீவகம் பற்றிய கேள்வி பதில்

நான் பிறந்தது வேலணை, இருப்பது யாழ்ப்பாணம் டவுனில். ஏழெட்டு வருடம் தீவகத்துக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் வேலை செய்தேன். சில நாள் சைக்கிளில், சில நாள் வான் வண்டியில். இப்போது அது தொழில் இல்லை. ஆனாலும் மாதம் இரண்டு தடவையாவது சைக்கிளை எடுத்துக்கொண்டு பண்ணைப் பாலம் தாண்டாவிட்டால் எனக்குச் சரிவராது. சைக்கிள் சுற்றுலாவில் சேர்வதா, தனி வாகனமும் வழிகாட்டியும் பிடிப்பதா என்று பலர் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (டொராண்டோ): நானும் கணவரும் வருகிறோம், இருவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. தீவுகளுக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறோம். ஒருவர் தனி வாகனத்தில் எல்லாத் தீவையும் ஒரே நாளில் காட்டுவதாகச் சொல்கிறார். இன்னொருவர் சைக்கிளில் கூட்டிப்போகிறேன் என்கிறார். எதைப் பிடிப்பது?

முதலில் இடத்தை விளங்கிக்கொள்ளுங்கள். டவுன் ஓரத்துப் பண்ணையிலிருந்து தாம்போதி (கடலுக்குக் குறுக்கே போட்ட ரோடு) வழியாக மண்டைதீவுப் பக்கம், அல்லைப்பிட்டி, வேலணை என்று ரோட்டிலேயே போகலாம். வேலணையிலிருந்து இன்னொரு நீண்ட பாலம் புங்குடுதீவுக்குப் போகிறது. வடக்கே பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்குப் போகலாம். காரைநகருக்கும் ஊர்காவற்துறைக்கும் நடுவில் உள்ள சிறு கடலை ‘பாதை’யில் கடக்க வேண்டும். பாதை என்றால் இங்கே ரோடு இல்லை, ஆளையும் வண்டியையும் ஏற்றிப்போகும் மிதவைப் படகு. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு நான்குக்கும் படகு வேண்டும். ஆகவே எல்லாத் தீவையும் ஒரே நாளில் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் அவரை விட்டுவிடுங்கள். ஏதோ ஓர் இறங்குதுறையில் உங்களைப் பத்து நிமிடம் நிறுத்தி, படம் எடுக்கவைத்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவருவார்.

உங்களிடம் இரண்டு நாள் இருக்கிறது, அது நல்ல விஷயம். ஒரு நாள் சைக்கிள், ஒரு நாள் வாகனம். பிரிப்பதற்கு நான் சொல்லும் முறை இதுதான்: ரோட்டால் போகும் தீவுகள் சைக்கிளுக்கு, படகால் போகும் தீவுகள் வழிகாட்டிக்கு.

வேலணை, ஊர்காவற்துறை, காரைநகர் எல்லாம் தட்டையான நிலம். ஒரு மேடு கிடையாது. பெரிய ரோட்டில் பார்க்க அதிகம் இல்லை, ஊர் இருப்பது ஒழுங்கைகள் என்ற சிறு சந்துகளுக்குள். பனங்காணி, கிடுகு வேலி, படலையில் நின்று “எவடத்துப் பிள்ளையள்?” என்று கேட்கும் ஆச்சி. வானில் போனால் அந்த ஆச்சி உங்களிடம் பேசமாட்டார், கண்ணாடிக்கு வெளியே போய்விடுவார். சைக்கிளில் போனால் இறங்கித்தான் ஆக வேண்டும். பாதி தடவை தேநீர் குடிக்காமல் விடமாட்டார்கள். தாம்போதியில் இரண்டு பக்கமும் கடல், இடுப்பளவு தண்ணீரில் மனிதர் நின்று வலையை இழுப்பதை இரண்டு முழத்தில் பார்க்கலாம். மார்கழி, தை மாதங்களில் வலசை வந்த பறவைகளும் அந்த ஆழமில்லாத தண்ணீரில் நிற்கும். சைக்கிள் சத்தத்துக்கு அவை எழும்பாது.

நயினாதீவும் நெடுந்தீவும் வேறு மாதிரி. அங்கே சொல்ல ஆள் வேண்டும். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் இலங்கையை ஆண்ட பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 12ஆம் நூற்றாண்டு. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில்தான் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசனுக்கு, முக்கால் பங்கு உரியவனுக்கு. மற்றச் சரக்கென்றால் ஆளுக்குப் பாதி. அந்த ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்துறை. முதல் நாள் நீங்கள் சைக்கிளை நிறுத்திச் சோடா குடித்த இடம். இதைக் கல்லின் முன்னால் நிற்கவைத்து ஒருவர் சொன்னால்தான் உறைக்கும். சொல்ல ஆளில்லாமல் போகிற பெரும்பாலானோர் அர்ச்சனை செய்துவிட்டு அந்தக் கல்லைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நெடுந்தீவில் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) மதில்கள், இடிந்த கோட்டை, உள்ளே ஆள் நிற்கக்கூடிய பெருக்கு (பாவோபாப்) மரம், வெளியில் மேயும் குதிரைகள் எல்லாம் தள்ளித் தள்ளி இருக்கின்றன. நிழல் கிடையாது. இறங்குதுறையில் ஆட்டோவோ சிறு லொறியோ பிடித்துத்தான் சுற்ற வேண்டும். அங்கே வழிகாட்டி என்றால் தீவில் பிறந்தவராகக் கேளுங்கள். கொழும்பிலிருந்து உங்களோடு வரும் வழிகாட்டிக்குப் பெருக்கு மரம் தெரியும், அந்த மதிலை யார் அடுக்கினார்கள் என்று தெரியாது.

படகில் போகும் நாளில் திரும்பும் படகு நேரத்தைக் காலையிலேயே கேட்டுவிடுங்கள். நெடுந்தீவிலிருந்து கடைசிப் படகு பிற்பகலிலேயே புறப்பட்டுவிடும்.

கேள்வி (கோயம்புத்தூர்): நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் சைக்கிளை ஏற்றி வரலாமா அண்ணா?

அந்தக் கப்பல் நான் பதில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. கப்பல்காரரிடமே கேளுங்கள். வந்து இறங்கிய பிறகு கேளுங்கள், சொல்கிறேன்.

கேள்வி (பாரிஸ்): அம்மாவுக்கு 72 வயது. புங்குடுதீவில் பிறந்தவர். 1990க்குப் பிறகு ஊரைப் பார்க்கவில்லை. தனி வாகனம்தான் பிடிக்கப்போகிறேன். வழிகாட்டியும் வேண்டுமா? ஊர் அவருக்குத் தெரியும்தானே?

ஊர் தெரியும் தங்கச்சி. ஆனால் அவருக்குத் தெரிந்த ஊர் இப்போது அங்கே இல்லை. அதனால்தான் ஒருவர் வேண்டும்.

ஒருமுறை இப்படி ஒரு அம்மாவைக் கூட்டிப்போனேன். பாலம் இறங்கி மடத்துவெளி வந்ததும் “இஞ்சால, இஞ்சால” என்று வழி சொல்லத் தொடங்கினார். இரண்டு திருப்பத்துக்குப் பிறகு பேச்சு நின்றுவிட்டது. ஒழுங்கை முழுக்கப் பற்றை. கூரையில்லாத வீடுகள், முற்றத்தில் மரம் முளைத்துச் சுவருக்கு மேலே போயிருக்கிறது. எந்த வீடு என்று அவருக்கே பிடிபடவில்லை. நானும் திணறிப்போனேன். கடைசியில் சைக்கிளில் போன ஒரு பெரியவரை மறித்து அந்த அம்மாவின் தகப்பனின் பெயரைச் சொன்னோம். அவர் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். வீட்டைக் காட்டியது நான் இல்லை, அந்தப் பெரியவர்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது சரித்திரம் சொல்லும் வழிகாட்டி இல்லை, புங்குடுதீவில் இன்னும் இருக்கிற ஒருவர். அம்மா எந்த வட்டாரம் என்று கேட்டு, அந்த வட்டாரத்துச் சனத்தின் மூலமே ஆளைப் பிடியுங்கள். முதலில் கண்ணகி அம்மன் கோவிலுக்குக் கூட்டிப்போங்கள், கடற்கரையில் கொஞ்சம் இருக்கட்டும், பிறகு வீட்டுக்குப் போங்கள். அதே நாளில் நயினாதீவும் பார்க்கலாம் என்று சாரதி சொல்வார். வேண்டாம். அன்றைக்குப் புங்குடுதீவு மட்டும். குடிதண்ணீர் கொண்டுபோங்கள், அங்கே பல கிணறு உவர்.

கேள்வி (மதுரை): நெடுந்தீவு போய்விட்டு மாலை 5 மணிப் படகில் திரும்பலாமா?

மேலே சொல்லியிருக்கிறேன். பிற்பகலிலேயே கடைசிப் படகு போய்விடும்.

கேள்வி (கொழும்பு): ஆடி மாதம் சைக்கிளில் புங்குடுதீவின் படகுத்துறையான குறிகட்டுவான் வரைக்கும் போக யோசிக்கிறேன். ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தானே, அதுவும் தட்டை. அரை நாளில் முடியாதா?

தூரம் ஒன்றுமில்லை. காற்றைக் கேளுங்கள். ஆடியில் சோளகம். தென்மேற்கிலிருந்து அடிக்கும். நீங்கள் போவதும் மேற்கு, தென்மேற்குப் பக்கமாகத்தான். தாம்போதியில் மறைக்க ஒரு பற்றைகூட இல்லை. காலை 10 மணிக்குப் பிறகு புங்குடுதீவுப் பாலத்தில் ஏறினால் மிதிக்க மிதிக்க நின்ற இடத்திலேயே நிற்பது போல இருக்கும். நல்ல உடம்புள்ள பெடியன்கள் இறங்கி உருட்டிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். விடிய 5 மணிக்குப் புறப்படுங்கள். திரும்பும்போது காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு வரும்.

கேள்வி (காரைநகர், இப்போது லண்டன்): இதில் எனக்கு உடன்பாடில்லை அண்ணை. சோளகத்தில் யாராவது பண்ணையால் புறப்படுவார்களா? பொன்னாலையால் காரைநகருக்கு வந்து, பாதையில் ஊர்காவற்துறைக்குக் கடந்து, வேலணையால் திரும்பினால் எதிர்க்காற்றே இல்லை. நாங்கள் பள்ளிக்கூடக் காலத்தில் அப்படித்தான் ஓடினோம்.

எதிர்க்காற்று இல்லை, சரி. பொன்னாலைப் பாலத்தில் பக்கக்காற்று இருக்கிறதே? இடது பக்கத்திலிருந்து அடித்து ரோட்டின் நடுவுக்குத் தள்ளும். பின்னால் பஸ் வரும். பழக்கமில்லாதவருக்கு எதிர்க்காற்றை விட அதுதான் ஆபத்து. எதிர்க்காற்றில் களைப்பு மட்டும்தான், விழமாட்டார்கள்.

அவரே: பொன்னாலைப் பாலத்தில் விடிய எவ்வளவு பஸ் வரும்? உங்கள் ஆட்கள் 5 மணிக்குப் புறப்படலாம் என்றால் என் ஆட்களும் புறப்படலாம்.

நியாயம். விடியக் கிளம்பினால் உங்கள் வழியும் நல்லதுதான். ஆனால் கேட்டவர் குறிகட்டுவானுக்குப் போக வேண்டும் என்கிறார். உங்கள் சுற்றில் அவர் புங்குடுதீவுப் பாலத்துக்கு வந்து சேர மத்தியானம் ஆகிவிடும், பாதைக்குக் காத்திருக்கும் நேரமும் இருக்கிறது. அப்போது காற்று முழுப் பலத்தில் இருக்கும். குறிகட்டுவானை விட்டுவிட்டு வேலணையோடு திரும்புகிறவருக்கு உங்கள் வழி. அப்படிப்பட்டவருக்கு நானும் இனி அதைத்தான் சொல்வேன்.

கேள்வி (திருநெல்வேலி, இப்போது யாழ்ப்பாணத்தில் வேலை): நான் தை மாதம் போனேன். போகும்போது பறந்தேன். திரும்பும்போது செத்தேன். இதை யாரும் சொல்லவில்லையே?

இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், என் பிழை. மார்கழி, தையில் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வரும், எல்லாம் தலைகீழ். போகும்போது முதுகில் காற்று. ஆள் சந்தோஷத்தில் நினைத்ததை விடத் தூரம் போய்விடுவார். பின்னேரம் களைத்துத் திரும்பும்போது பண்ணைத் தாம்போதியில் நெஞ்சில் அடிக்கும். ஆடியில் கஷ்டம் முதலில் வருகிறது, அதைப் பார்த்துத் திரும்பிவிடலாம். தையில் கஷ்டம் கடைசியில் வருகிறது, திரும்ப வழியில்லை. எனக்கு ஆடியை விடத் தைக்குத்தான் பயம்.

லண்டன்காரர் மறுபடி: அப்படியென்றால் தையில் என் சுற்றைத் திருப்பி ஓடலாம். பண்ணையால் போய், ஊர்காவற்துறையில் பாதை ஏறி, காரைநகர், பொன்னாலையால் வீடு. முகத்தில் அடிக்காது, பக்கத்தில்தான் அடிக்கும்.

இதை நான் முழுதாக ஏற்றுக்கொள்கிறேன். நடுவில் ஊர்காவற்துறைக் கரையில் நின்றால் கடலுக்குள் கடற்கோட்டை தெரியும். ஒல்லாந்தர் வைத்த பெயர் ஹம்மன்ஹீல். இலங்கையின் உருவம் அவர்களுக்குப் பன்றித் தொடை போலத் தெரிந்ததாம், இது அதன் குதிகால். காரைநகரில் கசூரினா கடற்கரையில் குளிக்கலாம், நிறையத் தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்புக்கு வராது. தைக்கு இதை விட நல்ல சுற்று இல்லை.

கேள்வி (சிங்கப்பூர்): தனியாக வரும் பெண். சைக்கிளில் தனியாகப் போகலாமா?

பகலில் போகலாம் அக்கா. பெண்கள் சைக்கிளில் போவது இங்கே புதினம் இல்லை. 1990களில் பெற்றோல் தடை இருந்த காலத்தில் மாணவி, ரீச்சர், பிள்ளைத்தாய்ச்சி எல்லாரும் சைக்கிளில்தான் போனார்கள். எனக்குக் கவலை ஆட்கள் இல்லாத இடங்கள் பற்றித்தான். புங்குடுதீவுக்குள் ரியூப்பில் காற்றுப் போனால் ஒட்டுப்போடக் கடை தேட வேண்டும். உள்ளூர் ஒருவரோடு போகும் சிறு குழுவில் சேர்ந்தால் அந்தக் கவலையும் இல்லை. பொழுதுபட முன்னர் தாம்போதியைத் தாண்டிவிடுங்கள், அங்கே விளக்கை நம்ப முடியாது.

கேள்வி (பெங்களூரு): எவ்வளவு செலவாகும்?

தொகை சொல்லமாட்டேன், மாதத்துக்கு மாதம் மாறுகிறது. வாகனம் என்றால் மூன்று விஷயம் கேளுங்கள்: படகுக் காசு சேர்த்தியா, குறிகட்டுவானில் வான் காத்திருக்கும் நேரத்துக்குத் தனிக் காசா, நெடுந்தீவில் உள்ளே சுற்றும் ஆட்டோ யார் செலவு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இந்த மூன்றையும் கேட்காமல் போய், பேசியதைப் போல இரண்டு மடங்கு கொடுத்தது.

கேள்வி (சென்னை): டிரோன் பறக்கவிடலாமா?

அனுமதி இல்லாமல் வேண்டாம். இது கடற்படை இருக்கிற இடம்.

கேள்வி (சேலம்): நெடுந்தீவிலிருந்து கடைசிப் படகு எத்தனை மணிக்கு?

மூன்றாம் தடவை. இங்கே எழுதும் நேரத்தை நம்பாதீர்கள். காலையில் குறிகட்டுவானில் படகு ஏறும்போது படகோட்டியிடமே கேளுங்கள். தவறவிட்டால் இரவு நெடுந்தீவில்தான்.

கேள்வி (மெல்பேர்ன்): என்னுடைய சொந்தச் சைக்கிளைக் கொண்டுவரலாமா, வாடகைக்கு எடுப்பதா?

வாடகைக்கு எடுங்கள். உள்ளூர்ச் சாதாரணச் சைக்கிள் போதும், கியர் தேவையில்லை. தாம்போதியில் உப்புத் தூவானம் அடிக்கும். போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் விடாவிட்டால் மறுநாள் செயினைத் தொட்ட விரல் செம்மண் நிறமாகும். உங்கள் விலையான சைக்கிளுக்கு அது வேண்டாம்.

பாரிஸ் தங்கச்சி மறுபடி: அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன் அண்ணை. மடத்துவெளியில் பாலம் இறங்கியதும் வலப்பக்கம் ஒரு நல்லதண்ணிக் கிணறு இருந்ததாம், பெரிய கட்டுக் கிணறு, பள்ளிக்கூடத்தால் வரும்போது அதில்தான் குடிப்பார்களாம். இன்னும் இருக்கிறதா என்று கேட்கிறார்.

வலப்பக்கம் ஒரு கிணறு ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது அம்மா சொல்வதுதானா என்று தெரியாது. கட்டு வட்டமா சதுரமா, பக்கத்தில் மரம் நின்றதா என்று கேட்டு எழுதுங்கள். வருகிற ஞாயிறு விடியப் புங்குடுதீவுக்குப் போகிறேன். பார்த்து, படம் எடுத்து அனுப்புகிறேன்.