சுரங்கத்துக்குள் காந்த ஊசி

அன்புள்ள ஐயா,

பூமியின் காந்தப்புலம் அதன் மையக்கருவில் உருவாகிறது என்று படித்தேன். அப்படியானால் ஆழமான சுரங்கத்துக்குள் இறங்க இறங்கத் திசைகாட்டியின் ஊசி கீழ்நோக்கிச் சாயுமா? இல்லை, மேலே கிடக்கும் பாறை காந்தத்தைத் தடுத்து ஊசியை முடக்கிவிடுமா?

ர.

அன்புள்ள ர.,

இரண்டும் நடக்காது. காந்தப்புலத்தை உண்டாக்குவது வெளிக்கருவில் புரளும் உருகிய இரும்பு. அது நம் காலடியிலிருந்து சுமார் 2,900 கிலோமீட்டருக்குக் கீழேதான் தொடங்குகிறது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றான தென்னாப்பிரிக்காவின் இம்போனெங் ஏறக்குறைய 4 கிலோமீட்டர். அவ்வளவு இறங்கினாலும் புலத்தின் வலிமை ஆயிரத்தில் இரண்டு பங்குதான் கூடும்; ஊசிக்கு அது உறைக்கவே உறைக்காது. சுண்ணாம்புப்பாறையோ மணற்பாறையோ எத்தனை தடிமனாக இருந்தாலும் காந்தப்புலம் தாராளமாக ஊடுருவும். ஊசி சாய்வது உண்மைதான், ஆனால் அதைத் தீர்மானிப்பது ஆழமல்ல, இடம். காந்த நடுக்கோட்டில் கிடையாக நிற்கும், காந்தத் துருவத்தில் செங்குத்தாக நிற்கும்.

வம்பெல்லாம் பக்கத்தில் இருக்கும் இரும்பால்தான். தண்டவாளம், எஃகுத் தாங்கிகள், நேர்மின்னோட்டம் ஓடும் கேபிள், பாறையிலேயே கலந்திருக்கும் மேக்னடைட் என்ற இரும்புத் தாது என எதுவும் ஊசியை இழுக்கும். குகையை அளக்கப் போகிறவர் தலைவிளக்கோடு குனிந்து ஊசியைப் பார்த்தால், அதன் பேட்டரி கூடச் சில பாகைகளைத் திருப்பிவிடக்கூடும். அதனால்தான் அளக்கும் ஒவ்வொரு கோட்டின் திசையையும் அதன் இரு முனையிலிருந்தும் பார்ப்பார்கள். இங்கிருந்து அங்கே 40° என்றால், அங்கிருந்து இங்கே 220° வரவேண்டும். 226° வந்தால் ஏதோ ஒரு முனையில் இரும்பு இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். எளிமையான, அழகான சோதனை. அளப்பவர் தன் தலைவிளக்கைக் கழற்றாமலே இரண்டு முனைக்கும் போனால் மட்டும் இதை நம்ப முடியாது.

பழைய சுரங்க வரைபடங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஊசி காட்டும் காந்த வடக்கு ஓரிடத்தில் நிற்பதில்லை. லண்டனில் 1580-இல் அது உண்மை வடக்கிலிருந்து, அதாவது வடதுருவம் இருக்கும் திசையிலிருந்து, சுமார் 11° கிழக்கே இருந்தது. 1820 வாக்கில் 24° மேற்கே போய்விட்டது. ஆகவே ஊசியை வைத்து வரைந்த படத்தில் ஆண்டு இல்லையென்றால், கைவிடப்பட்ட பழைய சுரங்கப்பாதை எந்தப் பக்கம் போகிறது என்பதே குழப்பமாகிவிடும். அந்தப் பாதையில் தண்ணீர் தேங்கி நிற்க, பக்கத்தில் புதிதாகத் தோண்டுகிறவர்களுக்கு இது உயிர் போகிற விஷயம்.

இன்று பெரிய சுரங்கப் பணிகளில் கைரோ தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியை வைத்துக்கொள்கிறார்கள். பூமியின் சுழற்சியைக் கொண்டு உண்மை வடக்கையே அது காட்டிவிடும். காந்தம் அதற்குத் தேவையில்லை.