மைக் யார் கையில்?

கேள்வி: நம்மூர் அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் அமெரிக்கா போனால், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கென்னடி ஸ்கூலில் பேசியதாகப் படம் போட்டுக்கொள்கிறார்கள். அரசாங்கம் நடத்தக் கற்றுத்தரும் இடத்தில் போய் ஒரு மணி நேரம் பேசுவதால் யாருக்கு என்ன லாபம்? வெறும் விளம்பரம்தானே?
— திண்டிவனம் வாசகர்

பதில்: படம் போட்டுக்கொள்கிறவருக்கு அது விளம்பரம்தான். அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நீங்களும் படத்தோடு நின்றுவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம். பேசி முடித்தபின் அவரிடம் யார் என்ன கேட்டார்கள், பதில் வந்ததா, நழுவினாரா? அதை ஏன் கேட்கவில்லை?

ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன்.

1966 நவம்பர் 7. வியட்நாமில் போர் மூண்டு எரிந்துகொண்டிருந்த சமயம். அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்னமாரா ஹார்வர்டுக்கு வந்தார். சுட்டுக்கொல்லப்பட்ட அதிபர் கென்னடியின் நினைவாக, அரசியலை மாணவர்களுக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும் என்று அந்த ஆண்டுதான் அங்கே ஓர் அரசியல் கல்வி நிலையம் தொடங்கியிருந்தார்கள். அதன் விருந்தினராக வந்தவர் மெக்னமாரா. 1936 முதல் பொது நிர்வாகப் பள்ளி என்று இருந்த, நீங்கள் சொல்லும் அந்த ஸ்கூலுக்குக் கென்னடியின் பெயர் வந்ததும் அதே ஆண்டில்தான்.

போரை எதிர்த்த மாணவர்கள், "எல்லோருக்கும் முன்னால் வந்து விவாதியுங்கள்" என்று கேட்டார்கள். மெக்னமாரா மறுத்தார். கதவைச் சாத்திக்கொண்டு, தேர்ந்தெடுத்த மாணவர்கள் கொஞ்சம் பேரோடு பேசிவிட்டுக் கிளம்பினார். வெளியே தெருவில் நூற்றுக்கணக்கானவர்கள் அவருடைய காரைச் சுற்றிக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் காரின் மேல் ஏறி நின்றார். ஒன்றிரண்டு கேள்விக்குப் பதில் சொல்கிறேன் என்றார். போரில் பொதுமக்கள் எத்தனை பேர் இறந்தார்கள் என்று ஒருவர் கேட்டார். "எங்களுக்குத் தெரியாது" என்பதுதான் பதில். "ஏன் தெரியாது? உங்களுக்கு அக்கறை இல்லையா?" என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது. போலீசார் அவரைப் பக்கத்துக் கட்டடத்துக்குள் இழுத்துக்கொண்டு போய், பல்கலைக்கழகத்தின் சுரங்கப்பாதை வழியாக வெளியேற்றினார்கள்.

பல்கலைக்கழகம் அவரிடம் மன்னிப்புக் கேட்டது. ஆயிரக்கணக்கான மாணவர்களும் கையெழுத்துப் போட்டு வருத்தம் தெரிவித்தார்கள். காரை மறித்தது சரி என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாணவர்கள் கேட்டது என்ன? ஒரு மேடை, ஒரு மைக், நேருக்கு நேர் ஒரு பதில். அது கிடைத்திருந்தால் தெருவுக்கு வந்திருக்க மாட்டார்கள்.

1978-ல் கென்னடி ஸ்கூலின் புதிய கட்டடத்தில் ஓர் அரங்கம் திறந்தார்கள். இன்றைக்கு அதற்கு அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் பெயர். பகலில் மாணவர்கள் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து படிக்கிற நடுக்கூடம், மாலையில் மேடையாகிவிடும். சுற்றிலும் அடுக்கடுக்காக இருக்கைகள். கீழேயும் மேல்தளத்திலுமாகக் கேட்பவர்களுக்கு நான்கு மைக்குகள். பேச்சு முடிந்ததும் யாரும் போய் வரிசையில் நிற்கலாம். பெயரைச் சொல்ல வேண்டும், சுருக்கமாகக் கேட்க வேண்டும், ஒரே ஒரு கேள்வி, அது கேள்விக்குறியில் முடிய வேண்டும். இவ்வளவுதான் விதி. வந்திருப்பவர் ஒரு நாட்டின் அதிபராக இருந்தாலும் இதே விதிதான்.

அந்த அரங்கத்துக்கு 1995 ஏப்ரலில் மெக்னமாரா வந்தார். வயது 78. வியட்நாமில் தாங்கள் செய்தது தவறு, பயங்கரமான தவறு என்று தன் நினைவுக்குறிப்பில் அப்போதுதான் ஒப்புக்கொண்டிருந்தார். இந்த முறை சுரங்கப்பாதை இல்லை. மைக் முன்னால் வரிசையில் வந்து நின்றவர்களில் ஒருவர், வியட்நாமில் போரிட்டுத் திரும்பிய சிப்பாய். இத்தனை வருஷம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்ற ஆற்றாமை அந்த மனிதரின் குரலில் இருந்தது. மெக்னமாரா பொறுமை இழந்தார். "வாயை மூடு" என்று அந்தச் சிப்பாயைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

எத்தனை பக்கம் எழுதினாலும் அந்த ஒரு சொல் காட்டியதைக் காட்ட முடியாது என்பது என் எண்ணம். மன்னிப்பை எழுதி அச்சடிப்பது வேறு, பாதிக்கப்பட்டவன் எதிரே நிற்கும்போது அதைத் தாங்குவது வேறு. அமெரிக்கர்கள் மட்டுமே 58,000 பேருக்கு மேல் அந்தப் போரில் செத்தார்கள். அதில் பெரும்பகுதி, அவர் காரின் மேல் ஏறி நின்ற அந்த நாளுக்கு அப்புறம்தான். இறந்த வியட்நாமியரின் கணக்கோ பல லட்சங்களில் போகிறது. 1966-ல் அவரை உட்காரவைத்துக் கேட்டிருந்தால் போர் நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்டிருக்க வேண்டும். சரியான நேரத்தில், சரியான இடத்தில், எல்லோர் முன்னாலும்.

அந்த ஸ்கூல் எப்போதும் நெஞ்சை நிமிர்த்தி நின்றது என்றும் நினைக்க வேண்டாம். 2017 செப்டம்பரில் செல்சி மேனிங்குக்கு வருகைதரு ஆய்வாளர் என்று ஒரு பதவி அறிவித்தார்கள். அமெரிக்க ராணுவ ரகசியங்களை, ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் இணையதளத்துக்குக் கொடுத்துச் சிறை சென்றவர் அவர். அதை எதிர்த்து, அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் அன்றைய தலைவர் மைக் பாம்பியோ அதே அரங்கில் பேச வேண்டியிருந்த கூட்டத்தைக் கடைசி நேரத்தில் ரத்து செய்தார். விடிவதற்குள் மேனிங்கின் பதவியைப் பள்ளி திரும்பப் பெற்றுவிட்டது. வந்து பேசலாம், பதவி மட்டும் கிடையாது என்றார்கள். எனக்கு அது கோழைத்தனமாகவே படுகிறது. பாம்பியோ வந்திருக்க வேண்டும், மேனிங்கும் வந்திருக்க வேண்டும், இருவரும் அந்த நான்கு மைக்குகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். அதே மாதக் கடைசியில் கல்வி அமைச்சர் பெட்ஸி டிவாஸ் வந்தபோது மாணவர்கள் பதாகைகளை உயர்த்திப் பிடித்து எழுந்து நின்றார்கள். கத்தவில்லை, அவர் பேச்சைத் தடுக்கவில்லை. அமைச்சர் பேசினார், கேள்விகளும் வந்தன. இது எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது நம் பக்கம். சில வருஷங்களுக்கு முன் ஒரு மாவட்டத் தலைநகரில், கல்லூரி அரங்கில், நீர்நிலைகள் பற்றி ஓர் உயர் அதிகாரியின் உரை. கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். தொகுப்பாளர் மூன்றைப் படித்தார். மூன்றுமே பாராட்டு. கூட்டம் கலைந்தபின் மேடைக்குக் கீழே ஒரு சீட்டு மிதிபட்டுக் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். நோட்டிலிருந்து கிழித்த தாள், பென்சில் எழுத்து: "எங்க ஊர் ஏரி மதகு மூணு வருஷமா உடைஞ்சு கிடக்கு. எப்ப சரி பண்ணுவீங்க?" அன்று பேசிய ஒன்றேகால் மணி நேர உரையில் ஒரு வரிகூட எனக்கு நினைவில்லை. அந்தப் பென்சில் எழுத்து அப்படியே நிற்கிறது.

ஆகவே ஐயா, அடுத்த முறை யாராவது அப்படிப் படம் போட்டால், அந்தக் கூட்டத்தின் வீடியோவைத் தேடி எடுங்கள். பெரும்பாலும் யூடியூபில் கிடைக்கும். பேச்சைத் தள்ளிவிட்டுக் கடைசிப் பகுதிக்குப் போங்கள். மைக் வரிசையில் இரண்டாவதாக, மூன்றாவதாக நிற்கும் பிள்ளைகளைக் கவனியுங்கள். சிலர் கையில் ஒரு தாள் இருக்கும். தங்கள் முறை வருவதற்குள் அதைப் பார்த்துப் பார்த்து உதட்டுக்குள்ளேயே கேள்வியைச் சுருக்கிக்கொண்டிருப்பார்கள்.