பழைய மதர்போர்டு, புது பிராசஸர், நடுவில் ஒரு அடாப்டர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னிடம் 440பிஎக்ஸ் சிப்செட் கொண்ட ஸ்லாட் 1 மதர்போர்டு இருக்கிறது. இப்போது பென்டியம் II 350 ஓடுகிறது. அடாப்டர் போட்டு சாக்கெட் 370 பென்டியம் III பொருத்தலாமா?

பொருத்தலாம். சாக்கெட்டில் உட்கார வேண்டிய பிராசஸரை ஸ்லாட்டில் செருக உதவும் இந்த அடாப்டருக்கு ஸ்லாட்கெட் என்று பெயர். ஆனால் அதில் பிராசஸர் உட்கார்ந்துவிட்டது என்பதற்காக அது ஓடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது வோல்டேஜ். உங்கள் பென்டியம் II 2.0 வோல்ட்டில் ஓடுகிறது. காப்பர்மைன் வகை பென்டியம் III-களில் பெரும்பாலானவை 1.6 முதல் 1.75 வோல்ட்டுக்குள் கேட்பவை. தொடக்க கால ஸ்லாட் 1 போர்டுகள் சிலவற்றின் ரெகுலேட்டர் (பிராசஸருக்கு வேண்டிய வோல்டேஜைத் தரும் பகுதி) 1.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்காது. அடாப்டரில்தான் வோல்டேஜ் ஜம்பர் (மாற்றிச் செருகும் சிறு இணைப்புத் துண்டு) இருக்கிறதே என்று நினைக்கலாம். அந்த ஜம்பர் மதர்போர்டிடம் "இவ்வளவு கொடு" என்று கேட்க மட்டுமே செய்யும். கொடுக்க வேண்டியது மதர்போர்டு. அதனால் போர்டில் உள்ள ரெகுலேட்டர் சிப்பின் எண்ணைப் படித்து, அதன் டேட்டாஷீட்டில் குறைந்தபட்ச வோல்டேஜைப் பாருங்கள். தனக்கென்று ரெகுலேட்டர் வைத்திருக்கும் அடாப்டர் கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை.

அப்புறம், பிஎக்ஸ் சிப்செட்டின் அதிகாரபூர்வ பஸ் (பிராசஸர் போர்டோடு பேசும் பாதை) வேகம் 100 மெகாஹெர்ட்ஸ். 133 பஸ்ஸில் ஓடும் பென்டியம் III வாங்கி அதே வேகத்தில் ஓட்டினால், 66-ல் ஓட வேண்டிய, கிராஃபிக்ஸ் கார்டுக்கான ஏஜிபி ஸ்லாட் 89 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். சில கிராஃபிக்ஸ் கார்டுகள் தாங்கும், சில தாங்காது. 100 பஸ்ஸுக்கான 850 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் III கிடைத்தால் அதுவே நிம்மதி. இதன் மல்டிப்ளையர் (பஸ் வேகத்தைப் பெருக்கும் எண்) 8.5 என்று சிப்பிலேயே பூட்டப்பட்டிருக்கிறது, அதற்காக நீங்கள் எதையும் அமைக்க வேண்டியதில்லை. அடாப்டர் வாங்கும்போது அது காப்பர்மைனின் எஃப்சிபிஜிஏ வகையை ஆதரிக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பழைய செலரான்களுக்காகச் செய்த பிபிஜிஏ அடாப்டரிலும் இந்தச் சிப் அழகாக உட்காரும், ஆனால் இயங்காது.

கேள்வி: அதே அடாப்டரில் 1.4 கிகாஹெர்ட்ஸ் டுவலட்டின் செலரான் போடலாமா?

சாதாரண ஸ்லாட்கெட்டில் முடியாது. காப்பர்மைனுக்கு அடுத்து வந்த டுவலட்டினில் சில பின்களின் வேலையே மாறிவிட்டது, பஸ் சிக்னலின் வோல்டேஜும் 1.5-லிருந்து 1.25 ஆகக் குறைந்துவிட்டது. இதற்கென்றே பவர்லீப் போன்றவர்கள் தனி அடாப்டர் செய்தார்கள். அது கிடைத்தால் தாராளமாகப் போடுங்கள். இந்தச் செலரான் 100 பஸ்ஸில் 14 மடங்கு ஓடுவது, அதனால் பிஎக்ஸ் போர்டைத் தன் எல்லையைத் தாண்ட வைக்காது.

கேள்வி: எல்ஜிஏ 775 போர்டில் கோர் 2 டுவோ இருக்கிறது. ஸ்டிக்கர் ஒட்டி ஜியான் போடலாம் என்கிறார்கள். ஒரு ஸ்டிக்கரால் எப்படி இது சாத்தியம்?

சர்வர்களுக்கான எல்ஜிஏ 771 ஜியானும் 775 கோர் 2 குவாடும் உள்ளே கிட்டத்தட்ட ஒரே சிப். இரண்டு தொடுபுள்ளிகள் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. அந்த இரண்டையும் குறுக்கே மாற்றி இணைப்பதுதான் ஸ்டிக்கரின் வேலை. இது போக, ஓரத்தில் இருக்கும் பள்ளங்களும் இடம் மாறியவை. ஒன்று சாக்கெட்டின் பிளாஸ்டிக் காதுகளை வெட்ட வேண்டும், அல்லது பிராசஸரின் ஓரத்தில் புதிய பள்ளம் அறுக்க வேண்டும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். கை தவறினால் பிராசஸரோடு போகும். சாக்கெட்டில் கத்தி வழுக்கினால் பின்கள் வளைந்து போர்டே போய்விடும். பள்ளம் அறுத்து, ஸ்டிக்கரும் ஒட்டிய ஜியான்கள் தயாராகவே விற்கப்படுகின்றன. முதல் முறை செய்பவர்கள் அதையே வாங்குங்கள்.

எதை வாங்குவது? இ5450 நல்ல தேர்வு: நான்கு கோர், 3.0 கிகாஹெர்ட்ஸ், 12 எம்பி கேஷ், 80 வாட். எக்ஸ் என்று தொடங்கும் எக்ஸ்5460 120 வாட் இழுக்கும். சின்ன போர்டுகளின் மின்சுற்று அந்தச் சூட்டைத் தாங்க அமைக்கப்பட்டதல்ல. உங்கள் போர்டு 1333 பஸ்ஸை ஆதரிக்கிறதா என்பதையும் பாருங்கள். பி35, பி45 சிப்செட்கள் ஆதரிக்கும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 11-க்காக இதைச் செய்யாதீர்கள். அதன் 24எச்2 பதிப்பு கேட்கும் எஸ்எஸ்இ4.2 கட்டளைகள் இந்தத் தலைமுறை ஜியானிலும் கிடையாது.

கேள்வி: புது பிராசஸர் போட்டேன். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. பிராசஸர் செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. கணினியைத் தொடங்கி வைக்கும் பயாஸுக்கு இந்தப் பிராசஸரைத் தெரியவில்லை, அதாவது இதற்கான மைக்ரோகோடு (பிராசஸருக்கான உள் கட்டளைத் தொகுப்பு) அதில் இல்லை என்பதே முதல் சந்தேகம். பழைய பிராசஸரைத் திரும்பப் போட்டு, அதில் கணினியை இயக்கி, பயாஸின் கடைசிப் பதிப்பை ஏற்றுங்கள். பிறகு மாற்றுங்கள். நானும் ஒரு முறை இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டு, ஒரு மாலை முழுவதும் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன். விண்டோஸும் லினக்ஸும் மைக்ரோகோடை ஏற்றும்தான், ஆனால் அதற்கு முதலில் பயாஸைத் தாண்டி வர வேண்டுமே.

கேள்வி: 5 வோல்ட் 486 போர்டில் ஏஎம்டி 5எக்ஸ்86-133 போடலாமா?

நேரடியாகப் போடவே கூடாது. அது 3.45 வோல்ட் சிப். 5 வோல்ட் கொடுத்தால் கருகிவிடும். ரெகுலேட்டர் உள்ள அடாப்டர் அவசியம். கிங்ஸ்டனின் டர்போசிப் இதே சிப்பை ரெகுலேட்டரோடு சேர்த்து விற்றதுதான். 33 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை அது நான்கால் பெருக்கி 133 ஆக்கிக்கொள்ளும்.

கேள்வி: வேகம் இரண்டு மடங்கு ஆன பிராசஸர் போட்டும் கணினி அவ்வளவு வேகமாகத் தெரியவில்லையே?

ஏனென்றால் மெமரியும் பஸ்ஸும் ஹார்ட் டிஸ்க்கும் அப்படியேதான் இருக்கின்றன. 100 மெகாஹெர்ட்ஸ் எஸ்டிரேம் மெமரி உச்சமாக நொடிக்கு 800 எம்பி கொடுக்கும். பிராசஸர் எவ்வளவு வேகமானாலும் அதற்கு மேல் வராது. அதனால் வாங்குவதற்கு முன்பே ஒரு சோதனை செய்யச் சொல்வேன். கணினி திணறும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பிராசஸர் 100 சதவீதத்தில் நின்றால் மாற்றுவதில் பயன் உண்டு. அது சும்மா இருக்க, டிஸ்க் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்தால் எஸ்எஸ்டி வாங்குங்கள்.

கேள்வி: லேப்டாப்புக்கும் இப்படி அடாப்டர் உண்டா?

அண்மைக்கால லேப்டாப்களில் பிராசஸர் போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்யப்பட்டிருக்கும். அடாப்டருக்கு அங்கே இடமே இல்லை.

கேள்வி: மாற்றிய பிறகு பழைய பிராசஸரை விற்றுவிடலாமா?

கொஞ்ச நாள் வைத்திருங்கள். பழைய போர்டுகளின் கெபாசிட்டர்கள் புதிய பிராசஸரின் சுமையில்தான் தங்கள் வயதைக் காட்டும். சில வாரம் கழித்து கணினி தானாக ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தால், சாக்கெட்டைச் சுற்றியுள்ள கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் அவற்றை மாற்ற வேண்டும். உப்பவில்லை என்றால் பழைய பிராசஸரைப் போட்டு ஓட்டுங்கள். அதிலும் ரீஸ்டார்ட் ஆனால், சந்தேகம் போர்டு, பவர் சப்ளை பக்கம் போகும். ஆகவில்லை என்றால் அடாப்டரையும் அதன் வோல்டேஜ் ஜம்பரையும் மறுபடி சரிபாருங்கள்.