எஸ்.யூ.வி.யும் கான்டெஸாவும்: போர்ட்டிகோவில் எந்த ஜோடி நிற்கலாம்?

கேள்வி: நானும் என் மனைவியும் வேலைக்குப் போகிறோம், பிடித்தம் போக இருவர் கைக்கும் சேர்த்து வருவது மாதம் 2,10,000 ரூபாய். மடிப்பாக்கத்தில் சொந்த வீடு. வீட்டுக் கடன் தவணை 38,000 ரூபாய், இன்னும் ஆறு ஆண்டுகள் கட்ட வேண்டும். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். வங்கி டெபாசிட்டில் 12 லட்சமும் பங்குச் சந்தை சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் 19 லட்சமும் இருக்கின்றன. இரண்டு வண்டி நிறுத்தக்கூடிய போர்ட்டிகோவில் இப்போது ஒன்பது வருடம் ஓடிய சிறிய கார் மட்டுமே நிற்கிறது. அதை 2 லட்சத்துக்குக் கொடுத்துவிட்டு, ஷோரூம் விலை 19 லட்சமுள்ள எஸ்.யூ.வி. ஒன்றை 18 லட்சம் கடனில் எடுக்கவும், 5 லட்சத்துக்கு வந்திருக்கும் ஒரு பழைய கான்டெஸா கிளாசிக் காரை ஃபண்ட் பணத்தில் வாங்கவும் ஆசை. என் அப்பா வைத்திருந்த வண்டி அது. இந்த ஜோடி எனக்குக் கட்டுப்படியாகுமா?

பதில்: கான்டெஸாவை வாங்குங்கள், ஆனால் ஃபண்டைத் தொடாமல் வாங்குங்கள். விட்டுவிட வேண்டியது எஸ்.யூ.வி.யைத்தான். அப்பா ஓட்டிய வண்டியைத் தேடும் மனிதருக்கு அந்த ஆசையைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்கும் அப்படிச் சொல்லவில்லை.

9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு எடுத்தால், 18 லட்சம் ரூபாய் கடனுக்கு மாதத் தவணை சுமார் 37,400 ரூபாய் வரும். வீட்டுக் கடனோடு சேர்த்தால் 75,000 ரூபாயைத் தாண்டும். உங்கள் இருவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மகள் கல்லூரிக்குப் போகும் ஆண்டுகளிலேயே இந்தச் சுமையும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதுதான் எனக்குக் கவலை. தவணையைக் குறைக்க ஏழு ஆண்டுக் கடன் தருகிறேன் என்று ஷோரூமில் சொல்வார்கள். ஒவ்வொரு 10 லட்சத்துக்கும் ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதல் வட்டி கட்டுவீர்கள் என்பதைச் சொல்லமாட்டார்கள்.

வரியையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள காருக்குச் சாலை வரி 18 சதவீதம். 19 லட்சத்துக்கு அது 3,42,000 ரூபாய். ஐந்து முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம்தான்; 9.5 லட்சம் ரூபாய் வண்டிக்கு 1,23,500 ரூபாயோடு முடிந்துவிடும். விலை 10 லட்சம் என்ற கோட்டைச் சற்றே தாண்டினாலும் முழுத் தொகைக்கும் உயர்ந்த விகிதம் வந்துவிடுவதால், மேல் வேரியன்ட்டுக்கு ஆசைப்படும் முன் அதன் விலையை நன்றாகப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சி.சி.க்குள் இன்ஜினும் கொண்ட பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், பெரிய கார்களுக்கு 40 சதவீதம். வேளச்சேரி மெயின் ரோட்டில் காலை நெரிசலில் ஊர்ந்து போகும் தினசரி ஓட்டத்துக்கு ஆட்டோமேட்டிக் வைத்த சிறிய காரே தோது. ஆண்டுக்குச் சில முறை குடும்பத்தோடு சொந்த ஊர் போவதற்கு ஓட்டுநரோடு ஒரு பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே என் யோசனை இது. 9.5 லட்சம் ரூபாய் காரின் ஆன்ரோடு விலை (வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து) சுமார் 11 லட்சத்தை ஒட்டி வரும். பழைய காரை விற்கும் 2 லட்சம், டெபாசிட்டிலிருந்து 4 லட்சம் போக, 5 லட்சம் மட்டும் கடன் வாங்குங்கள். தவணை சுமார் 10,400 ரூபாய். எஸ்.யூ.வி.க்குக் கட்டியிருக்க வேண்டிய மீதி 27,000 ரூபாயை மாதாமாதம் வங்கியின் ஆர்.டி.யில், அதாவது தொடர் வைப்பில், போட்டு வாருங்கள். பதினெட்டு மாதத்தில் வட்டியோடு ஏறக்குறைய 5 லட்சம் சேர்ந்துவிடும். அதுதான் உங்கள் கான்டெஸா. ஃபண்டில் உள்ள 19 லட்சம் மகள் படிப்புக்கு அப்படியே இருக்கும், டெபாசிட்டில் அவசரத் தேவைக்கு 8 லட்சமும் மிஞ்சும்.

இப்போது பேசியிருக்கும் வண்டி அதற்குள் கைமாறிவிடுமே என்று தோன்றும். கைமாறட்டும். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2002 வரை கான்டெஸாவைத் தயாரித்தது; பொறுத்திருப்பவருக்கு இன்னொன்று அகப்படும். அந்த இடைவெளியில் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் உங்கள் பக்கத்தில் தண்ணீர் நின்றதை நான் சொல்லத் தேவையில்லை. போர்ட்டிகோ தரை தெருவைவிடத் தாழ்ந்திருந்தால் முதலில் அதை உயர்த்துங்கள். புதிய காருக்கு இன்ஜின் பாதுகாப்புக் கூடுதல் காப்பீட்டைக் கட்டாயம் எடுங்கள்; தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் கெட்டுப்போனால் சாதாரண காப்பீட்டில் பொதுவாக இழப்பீடு கிடைக்காது. பழைய வண்டிக்கு அந்தக் கூடுதல் காப்பீடு கிடைப்பதே அரிது. கார் ஐந்து வயதைத் தாண்டிவிட்டால் காப்பீட்டு மதிப்பைத் தேய்மான அட்டவணை தீர்மானிப்பதில்லை. நீங்களும் நிறுவனமும் பேசி முடிவு செய்வதுதான். சீரமைப்புச் செலவு ரசீதுகளையும் புகைப்படங்களையும் பத்திரமாக வைத்திருங்கள்.

வண்டி விலைக்கு அப்பால் அதில் பாதித் தொகையாவது சீரமைப்புக்குத் தேவைப்படும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுப்பதால் பழைய டேங்கில் துரு பிடிக்கும், அக்காலத்து ரப்பர் குழாய்கள் தாங்கமாட்டா. கிளாசிக்கில் இருப்பது இசுஸுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். அதன் பாகங்களுக்குப் புதுப்பேட்டையில் அலைய நேரம் ஒதுக்க வேண்டும். இதை முதலீடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விலை ஏறலாம், ஏறாமலும் போகலாம். மகிழ்ச்சிக்காகச் செய்யும் செலவாகவே கணக்கில் எழுதுங்கள்.

பார்க்கப் போகும்போது நம்பிக்கையான மெக்கானிக்கை அழைத்துச் சென்று, டிக்கி மேட்டைத் தூக்கியும் கதவுகளின் அடி விளிம்பைத் தடவியும் துருவைப் பாருங்கள். பதிவுச் சான்றான ஆர்.சி.யில் உள்ள சேசிஸ், இன்ஜின் எண்கள் வண்டியில் பொறித்தவற்றோடு ஒத்துப்போக வேண்டும். ஐம்பது வயது நிரம்பாததால் இதற்குப் பழங்கால வண்டிகளுக்கான விண்டேஜ் பதிவு கிடைக்காது. பதினைந்து ஆண்டு கடந்த மற்ற கார்களைப் போலவே தகுதிச் சோதனையோடு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆகவே ஆர்.சி. எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். காலாவதியாகியிருந்தால் விற்பவரே புதுப்பித்துத் தரட்டும். வேறு மாநிலப் பதிவு என்றால் தடையில்லாச் சான்றும் இங்கு மீண்டும் சாலை வரியும் சேரும் என்பதால் தமிழ்நாட்டு வண்டியையே தேடுங்கள். பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரிடம் கையெழுத்து வாங்கி, பதினான்கு நாளுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்.